நட்டு நேரத்துக்கு வந்ததே இல்லை

பத்தொன்பது வருஷமாக ஒரு டிவி கார்ட்டூனில் நட்டு என்கிற ரோபோவுக்குக் குரல் கொடுப்பவள் அவள். ஸ்டுடியோவில் சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் 'நட்டக்கா'. சொந்தப் பெயரைச் சொன்னால் வாட்ச்மேன்கூட உள்ளே விடமாட்டார்.

நட்டு ஒன்றும் பெரிய வீரன் இல்லை. இரும்புப் படையில் ஒன்பது ரோபோக்கள். எட்டுப் பேர் பறப்பார்கள், நெருப்பைக் கக்குவார்கள், மலையைத் தூக்கி எறிவார்கள். ஒன்பதாவது நட்டு. கட்டைக் கால், தகர வயிறு. முதன்முதலில் பொம்மைக்கு அச்சு வெட்டிய புண்ணியவான் வாயை வெட்ட மறந்துவிட்டார். அது தெரிவதற்குள் பத்தாயிரம் பொம்மைகள் கடைக்குப் போய்விட்டன. வேறு வழியில்லாமல் கார்ட்டூனிலும் வாயில்லாமலே வரைந்து, பேசும்போது நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும்படி செய்துவிட்டார்கள்.

வாராவாரம் சண்டை தொடங்கியதும், "வர்றேன், இருங்க!" என்று எங்கிருந்தோ கத்துவான். மூச்சிரைக்க வந்து சேரும்போது எதிரி ஓடிப்போயிருப்பான். "அடடா, முடிஞ்சிருச்சா?" என்பான். தலைவன் அவன் தோளில் தட்டி, "வந்துட்டேல்ல, அது போதும்" என்பான். நட்டுவின் பிழைப்பு அவ்வளவுதான். அவளுடைய பிழைப்பும் அதுதான்.

ஆனால் அந்தத் தோள் தட்டல் இருக்கிறதே, அதில் அவளுக்கு உயிர். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு, வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபிறகு கடைசித் தட்டு என்று வளர்ந்தவள் அவள். கடைசியாக வருகிறவனுக்காகவும் ஒருத்தன் காத்திருக்கிறான் என்பதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அன்று காலை புது டைரக்டர் நீட்டிய தாளில் எழுதியிருந்தது: 'தலைவா, என் கடமை முடிந்தது. விடை கொடுங்கள்.'

"என்ன தம்பி இது?"

"நட்டு சாகறான்க்கா. பொம்மை விக்கலையாம், மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. அடுத்த வாரம் அவனுக்குப் பதிலா ஹெலிகாப்டர் ரோபோ வருது."

"எப்படிச் சாகறான்?"

"தலைவன் மேல குண்டு வருது. சரியான நேரத்துல குறுக்க பாஞ்சு வாங்கிக்கறான், பள்ளத்துல விழறான். செம உருக்கமா இருக்கும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பத்தொன்பது வருஷத்துல ஒரு நாள்கூட நேரத்துக்கு வராதவன், சாகறதுக்கு மட்டும் டாண்ணு வந்து நின்னுடுவானா? நல்லா இருக்கே கதை!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்டு அண்ணன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"அக்கா, அஞ்சு மணிக்குள்ள இது சேனலுக்குப் போகணும், ஆறு மணிக்கு ஒளிபரப்பு. சொல்றதுன்னா சொல்லுங்க. இல்லேன்னா இதோட உங்களுக்கும் கும்பிடு."

அவள் தாளை மடித்து ஓரமாக வைத்தாள். பையிலிருந்து பழைய எவர்சில்வர் டம்ளரை எடுத்தாள். அடியில் ஒரு நசுங்கல். அதற்குள் வாயை வைத்துப் பேசினால்தான் நட்டு வருவான், வேறு எதற்கும் மசியமாட்டான். "ஓட விடுங்கண்ணே" என்றாள், பரம சாது மாதிரி.

திரையில் நட்டு பள்ளத்தில் கிடந்தான். விளக்கு மினுக்கியது. வாயில்லாதவனுக்கு உதட்டசைவு பார்த்துப் பேச வேண்டியதில்லை. விளக்கு எவ்வளவு நேரம் மினுக்குகிறதோ அவ்வளவு நேரத்துக்குள் எதை வேண்டுமானாலும் பேசலாம். இதை யோசிக்காமல் போனதுதான் புது டைரக்டர் செய்த தப்பு.

"சேச்சே, இதுக்கெல்லாம் சாவாங்களா? வர்றேன், இருங்க!"

கடைசி மினுக்கலோடு வசனம் கச்சிதமாக முடிந்தது. டைரக்டர் துள்ளி எழுந்தார். "அக்கா! என்ன விளையாட்டு இது?"

"அவன் இதைத்தான் தம்பி சொல்வான். உங்களைவிட எனக்கு அவனைத் தெரியும்." பையை மாட்டிக்கொண்டாள்.

"அந்த டம்ளரை வெச்சுட்டுப் போங்க! அது கம்பெனிப் பொருள்!"

"எங்க வீட்டு அடுக்களைப் பொருள்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் டம்ளரை அடுக்களையில் வைத்தாள். வேலை போய்விடும், சந்தேகமே இல்லை. போகட்டும் என்று சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. ஆனாலும் அவனைத் தன் வாயாலேயே சாகடித்துவிட்டு நாளைக்குக் கண்ணாடியில் எந்த முகத்தைப் பார்ப்பது?

மூன்று மணிக்குச் சவுண்டு அண்ணன் போனில் கிசுகிசுத்தார். "காகிதக் கப்புல டைரக்டரே பேசிப் பாத்தாரு. மேனேஜர் குப்பைக் கூடைக்குள்ள தலையை விட்டுப் பேசினாரு. ரெண்டும் சளி பிடிச்ச எருமை மாதிரி இருக்கு. சத்தமில்லாம அனுப்பினா விளக்கு சும்மா மினுக்கும், பழுதுன்னு சேனல்காரன் திருப்பிடுவான். நீ பேசினது ஒண்ணுதான் கைல இருக்கு."

நாலு மணிக்கு டைரக்டரே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "கோவிச்சுக்காதீங்கக்கா. ஒரே ஒரு வரி. உடனே வந்துடுங்க, ப்ளீஸ்."

அவள் டம்ளரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"வர்றேன், இருங்க!"

போனை வைத்துவிட்டு, டீ போட்டு அதே டம்ளரில் ஆற்றிக் குடித்தாள். பாத்திரம் தேய்த்தாள். துணி மடித்தாள். தலையைப் பின்னிக்கொண்டு, ஒரு ஆட்டோவையும் நிறுத்தாமல் பொடிநடையாகப் புறப்பட்டாள்.

ஸ்டுடியோவை அடைந்தபோது மணி ஆறரை. வரவேற்பறை டிவி முன்னால் எல்லோரும் நின்றிருந்தார்கள். திரையில் புகை, பள்ளம், இருட்டு. இருட்டுக்குள் சிவப்பு விளக்கு மினுக்கியது. "சேச்சே, இதுக்கெல்லாம் சாவாங்களா?" என்று அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது. எழுத்து ஓடத் தொடங்கியது. டைரக்டர் மெல்லத் திரும்பினார். வாசலில் அவள் நின்றிருந்தாள்.

அவள் டம்ளரை உயர்த்தினாள்.

"அடடா, முடிஞ்சிருச்சா?"