பெயின்ட் காயாத சுவர்

கத்திரிக்காய் வாங்கப் போனால்கூட நாலு காயைப் புரட்டி, காம்பைக் கிள்ளிப் பார்த்துத்தான் வாங்குவாள் தறியம்மா. அப்பேர்ப்பட்டவள் வீடு வாங்கப் போன அன்று ஒரு சுவரைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

தறியம்மா என்பது நெசவாலையில் அவளுக்கு விழுந்த பெயர். ஓடுகிற தறியின் மேல் உள்ளங்கையை வைத்தால் போதும், எந்தப் பக்கம் தளர்ந்திருக்கிறது, எது இன்றைக்குள் மக்கர் பண்ணும் என்று சொல்லிவிடுவாள். அவள் புருஷன் அதே கூடத்தில் மேஸ்திரி. வீட்டிலும் அவருக்கு அதுதான் பெயர். இரண்டு பேருமே வாழ்நாளில் பாதியை அந்த இரைச்சலுக்குள் கழித்தவர்கள். காது போனது என்று சொன்னால் இருவருக்கும் கோபம் வரும். ஆலையில் எல்லோருக்கும் அப்படித்தான் என்பதால் அது ஒரு குறையாகவே அவர்களுக்குப் பட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு உலகம் கொஞ்சம் அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அந்த இரைச்சலில் யார் தொண்டை கிழியக் கத்துவது? தறிக்கூடத்தில் எல்லோரும் உதட்டாலேயே பேசுவார்கள். குரல் வராது, வாய் மட்டும் அசையும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் குடும்பச் சண்டையே நடத்தலாம். மகளும் அதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரை நேருக்கு நேர் நின்று சத்தமில்லாமல் திட்டுவாளாம். அவரோ, பிள்ளை ஏதோ மனப்பாடம் பண்ணுகிறது என்று மெச்சிக்கொள்வாராம்.

அந்த மகளுக்காகத்தான் வீடு. மருமகன் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு மகளுக்குத் தூக்கம் போயிற்று. நகரத்தில் மூவரும் இருந்தது பேருந்து நிலையத்துக்கு எதிரே இரண்டாம் மாடி. ஹாரன், கடை ஷட்டர், கண்டக்டர் விசில் என்று விடிய விடிய ஓயாது. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள், படுக்கச் சொன்னால் படுப்பாள். கண் மட்டும் திறந்தே இருக்கும். "மருந்து கொடுக்கலாம். ஆனா அதைவிட அமைதியான இடமாப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்றார் டாக்டர்.

தறியம்மாவும் ஒன்றும் சரியாக இல்லை. எல்லா வேலையும் நடந்தது. சோறு வெந்தது, துணி காய்ந்தது. ஆனால் கன்னத்தில் மரப்பு ஊசி போட்டு அனுப்பிய மாதிரி உள்ளே ஓரிடம் மரத்துக் கிடந்தது. மருமகன் செத்த அன்று அழவில்லை, அதற்கப்புறமும் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சொந்தத்தில் நாலு பேர் சொன்னார்கள். அவர்கள் உதடு அசைந்ததைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மாடி வீட்டை விற்று, ஓய்வுப் பணத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, இந்தச் சின்ன ஊருக்கு வீடு பார்க்க வந்தார்கள். ஒரே தெரு, ஒரு மருந்துக்கடை, தபால் நிலையம், சுற்றிலும் வயல். தரகர் முன்னால் நடந்தார்.

"குண்டூசி விழுந்தாக் கேக்கும் அண்ணே. அப்படி ஒரு அமைதி."

மேஸ்திரி நடு அறையில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார். தறியம்மாவும் கேட்டாள். குண்டூசி என்ன, அம்மிக்கல் விழுந்தாலும் திரும்பிப் பார்க்காத இரண்டு பேர், அமைதியைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. திருப்தி.

பின்பக்கத்து அறை விசாலமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் ஜன்னலே இல்லாத ஒரு வெள்ளைக் கட்டடம்.

"அது என்ன?"

"பால் குடோன் அக்கா. ஆள் நடமாட்டமே இருக்காது."

பழக்கதோஷத்தில் தறியம்மாவின் கை சுவர்ப்பக்கம் போனது. "ஐயோ, தொட்டுடாதீங்க, பெயின்ட் காயல" என்றார் தரகர். கையை இழுத்துக்கொண்டாள். வேறொரு காலமாக இருந்தால், காயாத சுவரைக் காட்ட என்னய்யா அவசரம் என்று கேட்டிருப்பாள். அன்று கேட்கத் தோன்றவில்லை. கேட்கிற காது உள்ள வேறு ஒருத்தரை உடன் அழைத்துப் போகலாம் என்பதும் இருவருக்கும் தோன்றவில்லை. மகளைக் கூப்பிட்டதற்கு, "நீங்களே பாத்து வாங்குங்கம்மா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

குடிவந்த அன்று பின்னறையை மகளுக்குக் கொடுத்தார்கள். தெருவை ஒட்டிய முன்னறையைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். "ரோட்டுப்பக்கம் சத்தமா இருக்கும், நாங்க படுத்துக்கறோம். நீ உள்ள நிம்மதியாத் தூங்கு" என்றார் மேஸ்திரி, தெரு முழுக்கக் கேட்கிற குரலில். மகள் அறைக்குள் ஒரு நொடி நின்றாள். பெற்றவர்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "நல்லா இருக்குப்பா" என்றாள்.

தினமும் காலையில் தறியம்மா கேட்பாள்.

"தூங்கினியாடி?"

"தூங்கினேம்மா."

மேஸ்திரி அதைக் கேட்டு மருந்துக்கடைக்காரரிடம் போய்ப் பெருமை பேசிவிட்டு வருவார். வீடு ராசியான வீடாம். மகளின் கண்ணுக்குக் கீழே கருமை மட்டும் ஏறிக்கொண்டே போனது. துக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா என்று தறியம்மா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஒரு நாள் முற்பகலில் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சமையலறை ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் யாரோ சிநேகிதியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒட்டுக்கேட்கும் எண்ணம் தறியம்மாவுக்கு இல்லை. ஆனால் எழுத்துத் தெரிந்தவன் கண்ணில் பலகை பட்டால் படிக்காமல் இருக்க முடியுமா?

"இல்லடி, தூக்கமே இல்ல" என்றன மகளின் உதடுகள். "சுவருக்குப் பின்னால மெஷின். ராப்பகலா உறுமுது. பஸ் ஸ்டாண்டாவது நடுவுல கொஞ்சம் ஓயும். இது ஓயறதே இல்ல. அவங்ககிட்ட எப்படிச் சொல்றது? இருந்ததையெல்லாம் வித்து எனக்காக வாங்கியிருக்காங்க. அவங்களுக்குக் கேக்கவே கேக்காது. தூங்கற மாதிரி படுத்துக் கிடக்கறேன்."

தறியம்மா வாளியில் மீதமிருந்த துணிகளையும் உதறிக் காயப்போட்டாள். கிளிப்புகளை மாட்டினாள். வாளியைக் கவிழ்த்துவைத்தாள். உடனே ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அறிவு சொன்னது. கால் அசையவில்லை.

பிறகு பின்னறைக்குப் போய், காய்ந்து எவ்வளவோ நாளாகிவிட்ட அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. பெரிய கம்ப்ரஸர். ஒன்றல்ல, இரண்டு. ஒன்றில் பேரிங் தேய்ந்திருந்தது. பாலைக் குளிர வைக்கிற இடம் ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப்போகுமா? அது தெரியாமலா போயிற்று அவளுக்கு! மேஸ்திரியைக் கையோடு இழுத்து வந்தாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார் அவர்.

"உங்களுக்குக் கேக்கல. அதுதானே சங்கதி. கைய வைங்க."

வைத்தார். முகம் தொங்கிப்போயிற்று. அந்த வேகத்திலேயே தரகருக்குப் போன் போட்டுக் கத்தினார். அந்தப் பக்கம் தரகர் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இங்கே செவிடரே சங்கும் ஊதினார். கடைசியில் போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். "அவளுக்கு நல்ல ரூமாக் கொடுக்கணும்னு நான்தானே சொன்னேன்" என்றார்.

மத்தியானம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மகள் சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள். தறியம்மா அவள் தட்டின் விளிம்பை விரலால் தட்டினாள். மகள் நிமிர்ந்தாள். குரலை எடுத்தால் எங்கே போய் முடியுமோ என்ற பயத்தில் தறியம்மா உதட்டை மட்டும் அசைத்தாள்.

"சுவர் சத்தம் போடுதா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் உதடும் சத்தமில்லாமல் அசைந்தது.

"போடுது."

"வந்ததுலேருந்தா?"

"ஆமாம்மா."

"ஏன்டி சொல்லல?"

"உங்க ரெண்டு பேர் முகத்துலயும் அன்னைக்குத்தான் கொஞ்சம் உசுரு இருந்துச்சு. அதையும் எப்படிம்மா எடுக்கறது?"

தறியம்மா கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகு இத்தனை பேச்சையும் ஓரக்கண்ணால் படித்துக்கொண்டிருந்த மேஸ்திரியைப் பார்த்து, "எழுந்திரிங்க, கட்டிலை மாத்தணும்" என்றாள்.

நாங்கள் செவிடு, எங்களுக்கு என்ன என்று அவள் வாய்விட்டுச் சொன்னது வாழ்க்கையிலேயே அன்றுதான் முதல் தடவை. மேஸ்திரி கோபித்துக்கொள்ளவில்லை. மகளின் கட்டில் முன்னறைக்கு வந்தது. அவர்கள் கட்டில் பின்னறைக்குப் போயிற்று. முன்னறைக்குக் கேட்பது வாசலில் எப்போதாவது ஒரு சைக்கிள், அதுவும் போய்விட்டால் வேப்பமரத்தின் சலசலப்பு. "இங்கயும் கொஞ்சம் கேக்குது. ஆனா எங்கயோ தூரத்துல" என்றாள் மகள். தலையணையை நேராக்குகிறேன் என்று படுத்தவள் அப்படியே இருந்தாள்.

வெயில் சாய்ந்த பிறகு தறியம்மா எட்டிப் பார்த்தாள். மகள் வாயைத் திறந்தபடி, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கக் கிடந்தாள். இதுவும் நடிப்போ? மூச்சுச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அதற்குக் காது வேண்டும். குனிந்து, புறங்கையை மகளின் மூக்கருகே வைத்தாள். சூடாக, நிதானமாக, ஒரே சீராக வந்தது. இது நடிப்பில்லை என்று கை சொன்னது.

வாசற்படியில் மேஸ்திரி நின்றார். உதட்டை அசைத்தார். "தூங்கறாளா?"

"தூங்கறா" என்று அவளும் உதட்டாலேயே சொன்னாள். சொல்லும்போதே இத்தனை மாதமாக வராத அழுகை, வரக் கூடாத இடத்தில் வந்தது. தன் வாயிலிருந்து சத்தம் வருகிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. கையிலிருந்த துவாலையை வாயில் அடைத்துக்கொண்டு பின்னறைக்கு ஓடினாள். கதவைச் சாத்தினாள். சுவரில் உள்ளங்கையை வைத்து, மெஷின் ஓடுகிறது என்று உறுதி செய்துகொண்டாள். அப்புறம் துவாலையை எடுத்துவிட்டு, மருமகன் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதாள்.