இருபத்தேழாவது வரிசையில் ஒரு துண்டு

விமானத்துக்கு இரண்டு படிக்கட்டு இருக்கும் என்று லூர்து மேரியிடம் யாரும் சொல்லவில்லை. இரண்டு முறை கேட் மாற்றி, காரணம் சொல்லாமல் வரிசையில் நிற்க வைத்து, கடைசியில் ஒரு பஸ்ஸில் அடைத்துக்கொண்டு வந்து வெயிலில் இறக்கிவிட்டிருந்தார்கள். மாரண்டஹள்ளியிலிருந்து பெங்களூருக்குப் பஸ்ஸில் வந்ததே விமானம் ஏறத்தான், இங்கே மறுபடியும் பஸ்ஸா என்று அவள் முணுமுணுத்து முடிப்பதற்குள், மஞ்சள் கோட்டு போட்ட ஒருத்தன் அவள் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு முன்படிக்கட்டைக் காட்டினான். புருஷன் சின்னப்பனுக்குப் பின்படிக்கட்டு.

"அட ஆண்டவரே, இங்கயும் பொம்பளைங்க முன்னாடி, ஆம்பளைங்க பின்னாடியா?"

"நீ ஏறு மேரி. நான் போயி எடம் புடிச்சி வெக்கிறேன்," என்று சின்னப்பன் தோள் துண்டை உருவிக்கொண்டு ஓடினார்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்கு, ஓசூரில் வேலை பார்க்கும் மகன் ஆண்டோ எடுத்துக் கொடுத்த டிக்கெட். கோவா, கடல், சவேரியார் கோயில். அதெல்லாம் லூர்து மேரிக்கு அப்புறம்தான். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு ஒரு பயணம் போக வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். பாலக்கோடு பஸ்ஸில் அவள் முன்பக்கம், அவர் கடைசி சீட்டு. கோயிலில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். வண்டியில் போனால் அவர் முதுகுதான் தெரியும், அதுவும் நடுவில் தக்காளிக் கூடை இல்லாத நாளில். "சீட்ட நாம சொல்லணும்னா அதுக்குத் தனிக் காசும்மா. ஒண்ணா போட்ட டிக்கெட்டு, பக்கத்துலதான் குடுப்பாங்க," என்றான் ஆண்டோ. அவளுக்கு நான்காவது வரிசை கொடுத்தார்கள், அவருக்கு இருபத்தேழு. புருஷன் பெண்டாட்டியைப் பிரித்துப் போடுவதற்கென்றே ஒரு மெஷின் வாங்கி வைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

முழங்கால் முன்சீட்டில் இடிக்க அவள் உட்காரும்போதே பின்னால் சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தாள். பணிப்பெண் ஒருத்தி சின்னப்பனின் துண்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கிற பழக்கத்தில், மனுஷன் தன் பக்கத்து சீட்டில் அதை விரித்திருக்கிறார். அங்கங்கே சிரிப்பு. லூர்து மேரிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவர்மேல் கோபமா, சிரித்தவர்கள்மேல் கோபமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

முன்பக்கத்தில் இருந்த இன்னொரு பணிப்பெண்ணிடம், மார்க்கெட்டில் பழகிய கன்னடத்தில், "நம்ம யஜமான்ரு ஹிந்தெ இதாரெ," என்று வீட்டுக்காரர் இருக்கும் பின்பக்கத்தைக் கைகாட்டினாள். அந்தப் பெண்ணுக்குக் கன்னடமும் தெரியவில்லை, தமிழும் தெரியவில்லை. "ஆஃப்டர் டேக் ஆஃப், மேம்," என்று உதட்டால் மட்டும் சிரித்தாள்.

டேக் ஆஃப் ஆயிற்று. பெல்ட் விளக்கு அணைந்ததும் லூர்து மேரி எழுந்தாள். எதிரே தள்ளுவண்டி. நடைபாதையில் ஆள் நுழைய இடமில்லை. உட்காருங்கள் என்று கை காட்டினார்கள். உட்கார்ந்தாள். ஐஸ்கட்டி மாதிரி ஒரு பன்னை விற்றார்கள். தண்ணீர் கேட்டதற்கு, வருகிறேன் என்று போனவள் போனவள்தான். மறுபடி எழுந்தாள், குப்பை பொறுக்க அதே வண்டி திரும்பி வந்தது. அது போய்ச் சேர்ந்ததும் பெல்ட் விளக்கு எரிந்தது. இறங்கப் போகிறோமாம்.

"ஏறுனதே இப்பத்தான், அதுக்குள்ள எறங்குதா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள். பக்கத்து சீட்டுக்காரன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றக்கூட இல்லை. அவளுக்கு வந்ததே ஆத்திரம். பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, சீட்டுகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் நடந்தாள்.

இருபத்தேழாவது வரிசையில் ஓரத்து ஆள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் சின்னப்பன். நடுச்சீட்டில் துண்டு. சுருக்கமில்லாமல் விரித்து, அதன்மேல் பெல்ட்டும் மாட்டியிருந்தது.

"ஆள் வருவாங்கன்னு சொல்லி எடுத்துக் குடுத்துச்சு அந்தப் புள்ள. யாரும் வரல. மறுக்கா போட்டுட்டேன்."

"வந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதாங்க? அங்க ஒத்தையில உக்காந்து கெடந்தேனே!"

"நான் எந்திரிச்சு வந்தா எடம் போயிருமே, மேரி."

திட்டுவதற்கு வாயில் வைத்திருந்தது எல்லாம் எங்கேயோ போய்விட்டது. தூங்குகிறவரின் காலைத் தாண்டி உள்ளே போனாள். சின்னப்பன் பெல்ட்டை விடுவித்துத் துண்டை எடுத்தார்.

"மேம்! மேம்!" பணிப்பெண் முன்னாலிருந்து தள்ளாடித் தள்ளாடி வந்துகொண்டிருந்தாள்.

"வருது அந்தப் புள்ள."

"வரட்டும்," என்று லூர்து மேரி பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

சின்னப்பன் தலையைப் பின்னால் சாய்த்து அவளுக்கு ஜன்னலை விட்டார். வெளியே கடல் ஒரு பக்கமாகச் சாய்ந்து மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.