வெறும் கேஸுதான், டாக்டரம்மா

அந்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு நெஞ்சுவலிகள் மட்டும்தான் வரும். வலிக்குச் சொந்தக்காரர்கள் வீட்டிலோ கடையிலோ வேலையாக இருப்பார்கள். வலி வேட்டியை மடித்துக் கட்டி, டவுன் பஸ் பிடித்து வந்து, டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்காரும். பயிற்சி டாக்டர்கள் அதைச் சோதித்து, மாரடைப்பா வெறும் வாயுவா என்று பத்து நிமிடத்துக்குள் சீட்டில் எழுத வேண்டும். ஊரில் வாயுவைக் கேஸ் என்பார்கள். எந்த வலியைக் கேட்டாலும் தன்னைக் கேஸ் என்றுதான் சொல்லிக்கொள்ளும். வளர்ப்பு அப்படி.

பயிற்சி டாக்டர் முத்துப்பேச்சி போன மாதம் ஒரு வலியை நம்பி, 'கேஸ்' என்று எழுதி அனுப்பிவிட்டாள். சாயங்காலமே அது திரும்பி வந்தது. வீட்டில் ஆள் இல்லை, இனி நான் எங்கே போக என்றது. அநாதை வலிகளுக்குக் கல்லூரியிலேயே வேலை போட்டுக் கொடுப்பது வழக்கம். இதற்கு வாசலில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. தினமும் அவளைக் கண்டதும் எழுந்து நின்று சல்யூட் வைக்கும். அதற்கு அவள்மேல் கோபமே இல்லை, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இன்னொரு வாட்ச்மேனை உண்டாக்கினால் டாக்டர் வேலையையே விட்டுவிடுவதென்று முடிவு செய்திருந்தாள்.

அன்று பேராசிரியர் தேவசகாயத்தின் வகுப்புக்கு வந்தது, மளிகைக்கடை சிவனணைந்த அண்ணாச்சியின் வலி. நல்ல கனம். அது உட்கார்ந்ததும் நாற்காலிக்கு வேர்த்தது.

“ஒண்ணுமில்ல டாக்டரம்மா, வெறும் கேஸுதான். காலைல மொச்சக்கொட்டக் கொழம்பு கொஞ்சம் கூடிட்டு.”

“ஏப்பம் வருதா?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்.

வலி எழுந்து நின்று, ஜன்னல் கதவுகள் ஆட, ஓர் ஏப்பம் விட்டது. வகுப்பே கைதட்டியது. ஒன்ஸ்மோர் கேட்டார்கள். அதையும் கொடுத்தது.

“என்ன கேஸ்?” என்றார் பேராசிரியர்.

“கேஸ் சார்.”

“அதான், என்ன கேஸ்?”

“கேஸ் கேஸ் சார்.”

முத்துப்பேச்சி மட்டும் சேர்ந்து சொல்லவில்லை. இரண்டு ஏப்பத்துக்கும் வலி தன் இடது கையைத் தாடைக்கு முட்டுக் கொடுத்ததை அவள் பார்த்திருந்தாள்.

“ஈசிஜி எடுக்கணும் சார்.”

“அதான் ஏப்பம் வந்துட்டுல்லா தாயி,” என்று வலி கெஞ்சியது. “கடைல ஒத்தையா நிக்காரு. நான் போவணும்.”

நெஞ்சுவலிக்கு நெஞ்சு கிடையாது. அதனால் சட்டைப்பையைச் சுற்றி வயர்களை ஒட்டினாள். தாளில் கோடு மேலே ஏறி நின்றுகொண்டு, இறங்க மாட்டேன் என்றது.

வலியின் முகத்தில் ஈயாடவில்லை. “அவருகிட்ட சொல்லிராதீய,” என்றது. “பயந்துருவாரு.”

ஏழாவது நிமிடம் முத்துப்பேச்சி ஆஸ்பிரினை நீட்டினாள். வலி மென்று தின்றது. நாலு மைல் தள்ளி, புளி நிறுத்துக்கொண்டிருந்த அண்ணாச்சிக்கு வாய் கசந்தது.

வலியைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு வகுப்பே ஓடியது. பேராசிரியர் ஓட்டத்திலும் பாடத்தை விடவில்லை. “சர்க்கரைக்காரங்ககிட்ட கவனமா இருங்க. மாரடைப்பு வந்தாலும் சில நேரம் வலி வராது.” எல்லோரும் ஓடிக்கொண்டே எழுதிக்கொண்டார்கள்.

மணிக்கட்டு வழியாக மெல்லிய கம்பியை விட்டு அடைப்பைத் திறந்தார்கள். திறக்கத் திறக்க வலி இளைத்தது. “சொகமா இருக்கு தாயி,” என்றது. கடைசியில் மேஜைமேல் வேட்டியும் சட்டையும் டோக்கனும்தான் இருந்தன.

சற்று நேரத்தில் அண்ணாச்சி கடையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். “கேஸு கலைஞ்சிட்டு. இஞ்சி சோடா குடிச்சேன், சரியாயிட்டு.”

முத்துப்பேச்சிக்குப் பிறந்ததிலிருந்து இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள். வாசலில் வாட்ச்மேன் எழுந்து சல்யூட் வைத்தது.

“டோக்கன் நாப்பத்திரெண்டு, டாக்டரம்மா. வாங்கினது யாருமில்ல. பெஞ்சில உக்காந்திருக்கதும் யாருமில்ல.”

“சர்க்கரை உண்டா?”

“பதினஞ்சு வருசமா உண்டாம்.”

“நடக்க விடாதீங்க!”

வாட்ச்மேன் காலிச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தது. “வீட்டுல ஆள் இருக்காராம் டாக்டரம்மா,” என்றது மூச்சு வாங்க. “இன்னும் இருக்காராம்.”

முத்துப்பேச்சி குனிந்து, நாற்காலியில் யாருமில்லாத இடத்தில் வயர்களை ஒவ்வொன்றாக ஒட்டினாள். எல்லாம் நன்றாகவே ஒட்டின.