சதுரங்கப்பட்டினத்துப் பொருக்கு

செங்கல்பட்டு வைரஸ் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் டாக்டர் சம்பூர்ணத்துக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. வீட்டுக்கு வரும் பாலைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார். அவர் தொழிலுக்கு அது நல்ல குணம்தான். கூட வேலை செய்கிறவர்கள்தான் பாவம்.

எழுபத்தைந்தாம் வருடம். பெரியம்மை ஒழிந்தது என்று எல்லோரும் மூச்சுவிட ஆரம்பித்த நேரத்தில், சதுரங்கப்பட்டினம் குப்பத்தில் ஒரு சிறுமிக்கு உடம்பெல்லாம் கொப்புளம் என்று தகவல் வந்தது. சுகாதார ஆய்வாளர் கண்ணாயிரம் போய், உதிர்ந்த பொருக்கைக் குப்பியில் போட்டுக் கொண்டுவந்தார். முட்டைக் கருவின் சவ்வில் வைத்து வளர்த்துப் பார்த்தால், பெரியம்மையும் இல்லை, சின்னம்மையும் இல்லை. அம்மை குத்துகிற தடுப்பு மருந்தில் இருக்கும் கிருமி.

அப்படியானால் அது யாருக்கோ அம்மை குத்திய புண்ணில் உதிர்ந்த பொருக்கு. சம்பூர்ணத்துக்கு ரத்தம் கொதித்தது. மனுஷன் குப்பத்துப் பக்கமே தலைகாட்டாமல், வழியில் எங்கோ கிடைத்ததைக் கொண்டுவந்து காதில் பூச்சுற்றுகிறார் என்று முடிவு கட்டினார். அங்கே இருப்பது நிஜமாகவே பெரியம்மையாக இருந்தால்? மறுநாள் காலையில் கண்ணாயிரத்தையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"நான் போனேம்மா. அந்தப் பொம்பளயே கையால குடுத்துது, வாங்கினு வந்தேன்."

"அங்க போனா தெரிஞ்சிடும். பொய்யா இருந்தா இன்னியோட உங்க வேலை போச்சு."

கண்ணாயிரம் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். சம்பூர்ணம் அதையும் அவர் கணக்கில் குற்றமாகவே சேர்த்தார்.

வாசலில் வேப்பிலை செருகிய வீடு. வேண்டா என்ற பெயருடைய சிறுமியின் தாய், இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து, கண்ணாயிரத்தைப் பார்த்து, "வா அண்ணாத்த" என்றாள். ஓகோ, இரண்டு பேரும் கூட்டா என்று நினைத்தார் சம்பூர்ணம்.

"இவருகிட்ட எதைக் குடுத்தே?"

"கேட்டதத்தாம்மா குடுத்தேன். அம்மைப் பொருக்கு வோணும்னாரு." வேண்டா குழந்தையின் கையைத் திருப்பிக் காட்டினாள். "இவனுக்கு அம்மை குத்துனாங்க இல்ல? அதுல வுழுந்தது."

"உள்ள இருக்கிற பொண்ணோடது இல்லையா?"

வேண்டா குரலைத் தாழ்த்தினாள். "அதுக்கு வந்துகீறது ஆத்தா. மேல கீறது முத்து. ஆத்தா கீற வூட்ல அத்தப் போயி அம்மைன்னு சொல்லுவாங்களா? அம்மைன்னா நீங்க குத்தறதுதான்."

சம்பூர்ணம் கண்ணாயிரத்தின் பக்கம் திரும்பினார். "முத்துன்னு கேக்க வேண்டியதுதானே?"

"போன மாசம் மீட்டிங்ல எல்லார் எதிர்லயும் திட்டுனீங்களேம்மா. ஆத்தா, முத்துன்னு பேசி மூடநம்பிக்கைய வளக்காத, அம்மைன்னு சொல்லுன்னு."

சொன்னது அவர்தான். முகம் சுண்டிப்போனது. செருப்பைக் கழற்றிவிட்டு, "ஆத்தாவைப் பார்க்கலாமாம்மா?" என்று கேட்டார். வேண்டா வழிவிட்டாள்.

சிறுமியின் உள்ளங்கை, உள்ளங்கால் இரண்டிலும் ஒரு பொட்டுகூட இல்லை. பெரியம்மையானால் அங்கேயும் இருந்திருக்கும். கொப்புளமெல்லாம் வயிற்றிலும் முதுகிலும்தான். சின்னம்மை. சம்பூர்ணத்துக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் விடுவாரா? உதிர்ந்த முத்து இரண்டு கேட்டார். வேண்டா அதை வேப்பிலையில் வைத்துக் கண்ணாயிரத்தின் கையில்தான் கொடுத்தாள்.

திரும்பும்போது சம்பூர்ணம் சொன்னார்: "நாளைக்கு மறுபடியும் எல்லாரையும் கூப்பிடுங்க. உங்களைத் திட்டினது தப்புன்னு அவங்க எதிர்லயே சொல்லணும்."

"செரிம்மா" என்றார் கண்ணாயிரம். செங்கல்பட்டு வரைக்கும் அவர் இயக்குநரின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார். நம்பலாமா என்று அவருக்குச் சந்தேகம்.