ஏழுக்கு இரண்டு

மிஸ்டர் கால்டரின் ஊர் டீம் தோற்ற நாளில் எங்கள் ஆபீசில் யாரும் சத்தமாகத் தும்மக்கூட மாட்டோம். அவர் எங்கள் மனேஜர். எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களுக்கு இரும்புச் சாமான் விற்கும் அமெரிக்கக் கம்பெனி அது. ஷார்ஜா கிளையில் நாங்கள் பதினாறு பேர். பதினாறு பேரின் லீவும் விசாவும் அவருடைய பேனா முனையில் தொங்கின. அந்தப் பேனாவோ, எத்தனையோ ஆயிரம் மைலுக்கு அப்பால் மட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஒன்பது சோம்பேறிகளின் கையில் இருந்தது.

பேஸ்போல் என்ற அந்த விளையாட்டை நான் கண்ணால் கண்டதில்லை. கிரிக்கெட்டின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். எறிகிற பந்தை மூன்று முறை தவறவிட்டால் அடிக்க வந்தவன் அவுட். கால்டரின் டீமில் பந்து எறிகிறவர்கள் தங்கமான பிள்ளைகள். எதிராளிக்கு ஒன்று இரண்டுக்கு மேல் ஓட்டம் கொடுப்பதில்லை. அடிக்கிறவர்கள்தான் சனியன்கள். அதிலும் டெவ்லின் என்று ஒருவன். முந்தின வருஷம் அடித்துக் குவித்தவனாம். அந்த எண்பத்துநான்காம் வருஷம் நான்கு தரம் அடிக்க வந்தால் நான்கு தரமும் காற்றைத்தான் அடித்தான்.

அவர்களுக்கு இரவு என்றால் எங்களுக்குக் காலை. அங்கே ஆட்டம் முடிந்ததும் தலைமை ஆபீஸ் ஆள் அன்றைய டெலெக்ஸின் அடியில் ஸ்கோரையும் சேர்த்து அனுப்புவான். எட்டு மணிவாக்கில் மெஷின் கடகடவென்று அடித்துத் தள்ளும். அதைக் கிழித்துக் கால்டரின் மேசையில் வைப்பது டெலெக்ஸ்காரன் வேலை. பழைய டெலெக்ஸ்காரர் நான்கு வாரத்துக்கு முன் லீவில் போக, டைப்பிஸ்டாக இருந்த என்னை அந்தக் கதிரையில் இருத்தினார்கள். கதிர்காமு, உனக்கு நல்ல காலம் என்று எல்லோரும் சொன்னார்கள். தினமும் காலையில் புலிக்கூண்டுக்குள் இறைச்சி வைக்கிற வேலை அது என்று யாரும் சொல்லவில்லை.

தோற்ற நாளில் கால்டரின் சத்தம் கண்ணாடி அறையைத் தாண்டி ஸ்டோர் வரை கேட்கும். "மூன்று பேர் ஓடுவதற்குத் தயாராக நிற்கிறார்கள், இவன் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறான்! இவனுக்கு எதற்கு மட்டை? ஒரு துடைப்பத்தைக் கொடுங்கள்!" என்பார். டெலிபோன் ரிசீவரை இரண்டு தரம் மாற்றியாயிற்று. மூன்று பந்தயம் வரிசையாகத் தோற்ற ஒரு காலையில் ரெங்கராஜ் லீவுத் தாளோடு உள்ளே போனான். தேத்தண்ணீர் போடுகிறவன், சிவகங்கைப் பக்கத்து ஆள். அவன் மனைவி நாகவள்ளிக்குத் தலைப்பிரசவம். கால்டர் தாளை நான்காகக் கிழித்தார். பிள்ளை பிறந்ததைத் தபாலில்தான் அவன் அறிந்தான்.

அன்றிலிருந்து காலை எட்டு மணிக்கு டெலெக்ஸ் அறை வாசலில் ரெங்கராஜ் வந்து நிற்பான். "என்னண்ணே, இன்னிக்காச்சும் அடிச்சானா அந்த வெளங்காத பய?" நான் இல்லையென்று தலையை ஆட்டினால் கால்டரின் தேத்தண்ணீரை வேறு யாரிடமாவது தள்ளிவிட்டு ஓடிவிடுவான்.

எனக்கும் டெவ்லின் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. ரோலா பக்கம் நான் தங்கியிருந்த அறையில் கட்டிலுக்கு மேல் நல்லூர்க் கந்தன் படம் ஒன்று ஒட்டியிருந்தேன். முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரன் பந்தை அடிக்க வேண்டும் என்று தினமும் அந்தப் படத்தின் முன் நின்று கும்பிட்டேன். சிரிக்காதீர்கள். என் தம்பியின் உயிர் அதில் கிடந்தது.

தம்பி கனகரத்தினத்துக்கு இருபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் அக்கா சிவமலரோடு இருந்தான். அந்த வருஷம் ஆமிக்காரர் ஊர் ஊராகச் சுற்றிவளைத்துப் பெடியன்களை லொறியில் ஏற்றினார்கள். தம்பியை ஒரு தரம் பிடித்து, பதினொரு நாள் வைத்திருந்து வெளியே விட்டார்கள். அவன் வந்த பிறகு அக்கா எழுதினாள்: "திரும்பி வந்தவன் ஒரு கதையும் கதைக்கிறான் இல்லை. வாசலிலை லொறிச் சத்தம் கேட்டால் கிணத்தடிக்கு ஓடுறான். அடுத்த முறை பிடிச்சால் விடமாட்டாங்களாம். கெதியா உன்னட்டை எடு." அந்தக் கடிதத்தை வாசித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஸ்டோரில் ஒரு உதவியாள் இடம் காலியாக இருந்தது. கம்பெனிக்குப் பொறுப்பு நிற்கும் அரபி, எங்கள் கபீல், தந்த விசா ஒன்றும் மிச்சம் இருந்தது. ஆனால் அது ஹஜ்ஜுப் பெருநாளோடு செத்துவிடும். கால்டர் கம்பெனிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். இரண்டு தரம் கொண்டுபோனேன். இரண்டு தரமும் தோற்ற நாள். முதல் தரம், "பிறகு பார்க்கலாம்." இரண்டாம் தரம் கடிதத்தைத் திருப்பி எறிந்தார். "புதிதாக ஒருவன் எதற்கு? இருக்கிறவர்களே ஒன்றையும் அடிக்கிறார்கள் இல்லை! இன்னொரு தரம்தான் இதைப் பார்ப்பேன், கதிர். அதற்குப் பிறகு இந்தப் பேச்சே வேண்டாம்." அவர் ஸ்டோர்காரரைச் சொன்னாரா டெவ்லினைச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வென்ற நாள் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின கடைசி வேலைநாள் வந்தது. லீவு முடிந்து குடிவரவு அலுவலகம் திறக்கும்போது எங்கள் விசா இருக்காது.

எட்டு மணிக்கு மெஷின் அடிக்கத் தொடங்கியது. குனிந்து பார்த்தேன். மேலே அவர்கள் டீம், ஒன்று. கீழே எங்கள் டீம், ஒன்பது முட்டை. ஒன்றுக்குப் பூச்சியம். டெவ்லின் நான்கு தரம் அவுட். கடைசித் தரம் மூன்று பேர் ஓடத் தயாராக நிற்கும்போது. மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கலீலுர் ரஹ்மான் எட்டிப் பார்த்தார். கீழக்கரைக்காரர், விசா வேலைகளுக்கு அலைகிறவர். கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டே, "தம்பி, கடிதம் கையெழுத்தாயிட்டா? ஒம்பதரைக்காவது நான் கிளம்பணும். பன்னெண்டுக்கு அவன் கவுண்டரை அடைச்சிருவான், அப்புறம் கலாஸ்தான்" என்றார்.

"இப்ப தாறன் நானா" என்றேன்.

கதவைச் சாத்தினேன். தாளின் அடிப்பாகத்தைக் கத்தரித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். லைனை வெட்டிவிட்டு மெஷினில் நானே அடித்தேன். எதிராளிக்கு இரண்டு. எங்களுக்கு மூன்றாவதில் ஒன்று, ஐந்தாவதில் இரண்டு, எட்டாவதில் மூன்று, ஒன்பதாவதில் ஒன்று. மொத்தம் ஏழு. டெவ்லினுக்கு ஒரு ஹோம் ரன், மைதானத்துக்கு வெளியே போகிற அடி. இரண்டு தாள் பழுதாகி, மூன்றாவது சரிவந்தது. கூட்டிப் பார்த்தேன், கணக்கு உதைக்கவில்லை. இரண்டு துண்டையும் சேர்த்து ஒட்டி, தம்பிக்கான கம்பெனிக் கடிதத்தைக் கீழே வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

கால்டர் வாசித்தார். நான் கம்பளத்தைப் பார்த்தபடி நின்றேன். முதுகில் வேர்வை கோடாக இறங்கியது, அந்த ஏசிக் குளிரில்.

"டெவ்லின்!" என்று மேசையில் குத்தினார். நான் செத்தேன் என்று நினைத்தேன். நிமிர்ந்தால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "கடைசியில் அடித்துவிட்டான், பார்த்தாயா! கதிர், இந்த மடையனுக்காக நானும் அப்பாவும் ரேடியோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறோம். என்ன, வேறென்ன இருக்கிறது? கொண்டு வா."

கையெழுத்து விழுந்தது. கலீல் நானாவின் கார் கேட்டைத் தாண்டும்வரை ஜன்னலில் நின்றேன். அந்த ஒரு நிமிஷம்தான் நான் பயப்படாமல் இருந்தது.

திரும்பிப் பார்த்தபோது கால்டர் கத்தரிக்கோலும் ஒரு தடித்த கொப்பியும் எடுத்து வைத்திருந்தார். ஒவ்வொரு நாள் ஸ்கோரையும் வெட்டி ஒட்டி, பென்சிலால் சராசரி போடுவார் போலிருக்கிறது. தோற்ற நாளில் யார் அந்தப் பக்கம் பார்த்தது, தெரிந்துவைத்திருக்க? கண்ணாடி வழியாகப் பென்சில் ஒவ்வொரு எண்ணாக நகர்வதைப் பார்த்தேன். ஒரு இடத்தில் நின்றது. பின்னுக்கு வந்தது. திரும்பவும் அதே இடத்தில் நின்றது.

"கதிர். உள்ளே வா. கதவைச் சாத்து."

சாத்தினேன்.

"இது நம் சொந்த மைதானத்தில் நடந்த ஆட்டம். நாம் இரண்டாவதாக அடிக்கிறோம். எட்டு முடியும்போது ஆறுக்கு இரண்டு என்று முன்னால் நிற்கிறோம். அவர்கள் ஒன்பதாவதிலும் ஒன்றும் எடுக்கவில்லை. அதோடு ஆட்டம் முடிந்தது. வென்றவன் எதற்காகத் திரும்ப அடிக்க வருகிறான்?"

அவர் பென்சில் முனையைக் கடைசிக் கட்டத்தில் ஊன்றினார்.

"அந்தக் கட்டத்தில் எக்ஸ் என்று ஒரு எழுத்துப் போடுவார்கள். நீ ஒன்று என்று போட்டிருக்கிறாய்."

நான் எங்கே கண்டேன் எக்ஸை? நான் மெஷினுக்கு வந்த நான்கு வாரத்தில் சொந்த மைதானத்தில் ஒன்பது ஆட்டம், ஒன்பதும் தோல்வி. தோற்கிறவன் கடைசிக் கட்டம்வரை அடித்துத்தான் தீர வேண்டும். வெளியூர் ஆட்டங்களில் எதிராளியின் வரியை நான் கட்டம் கட்டமாகப் பார்த்ததேயில்லை. ஒன்பது கட்டம் இருந்தால் ஒன்பது எண் இருக்க வேண்டும் என்பது என் டைப்பிஸ்ட் புத்தி. கிரிக்கெட் பார்த்தவனுக்காவது உறைத்திருக்க வேண்டும். பயந்தவனுக்கு என்ன உறைக்கும்?

சட்டைப் பையிலிருந்த துண்டை எடுத்து மேசையில் வைத்தேன். அது வேர்வையில் நனைந்திருந்தது. அவர் விரித்து வாசித்தார். ரிசீவர் பறக்கப் போகிறது என்று தோளைக் குறுக்கினேன். ஒன்றும் பறக்கவில்லை.

"ஏன்?"

சொன்னேன். தம்பி, லொறி, பதினொரு நாள், கிணற்றடி, எல்லாம். என் இங்கிலீஷ் உடைந்து உடைந்து வந்தது.

"என்னிடம் கேட்டிருக்கலாம்" என்றார்.

"இரண்டு தரம் கேட்டேன், சேர்."

அவருக்கு ஞாபகம் வந்தது. முகம் மெல்லச் சிவந்தது. டெவ்லினின் நான்கு அவுட்டையும் இன்னொரு தரம் வாசித்தார். பிறகு தட்டிலிருந்து முந்தின நாள் டெலெக்ஸ் ஒன்றை எடுத்தார். கடலுக்குள் நிற்கும் துளைமேடை ஒன்றுக்குப் போகிற குழாய் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்ற எண் அதில் இருந்தது.

"இதன்மேல் நாற்பது பேர் நிற்கிறார்கள். இந்த எண் வந்ததா, நீ அடித்ததா?"

"வந்தது, சேர். கடவுளாணை."

"நம்புகிறேன். ஆனால் இனி ஒவ்வொரு நாளும் நான் இதையே கேட்க வேண்டியிருக்கும், கதிர்."

அவர் கத்தியிருந்தால் காலில் விழுந்திருப்பேன், மறுநாள் மறந்திருப்பார். அவர் கத்தவேயில்லை. எனக்கு அதுதான் நடுக்கமாக இருந்தது. நீ போய் உட்கார் என்றார். போய் உட்கார்ந்தேன்.

மூன்று மணி நேரம். கலீல் நானா வந்ததும் கால்டர் விசாவை வாங்கிக் கிழிப்பார், ரெங்கராஜின் தாளைப்போல நான்காகக் கிழிப்பார் என்று அதையே திரும்பத் திரும்பக் கண்டேன். ரெங்கராஜ் தேத்தண்ணீர் கொண்டுவந்தான். "ஜெயிச்சாங்களாமே அண்ணே! என்ன இப்படி வெளிறிப்போய் இருக்கீக?" நான் ஜன்னல் வழியாகக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டேகாலுக்குக் கார் வந்தது. கலீல் நானா, "மாஷா அல்லாஹ், கடைசி ஆள் நான்தான்" என்று சொல்லிக்கொண்டே நேரே கண்ணாடி அறைக்குள் போனார். கால்டர் அந்த நீலத் தாளை வாங்கினார். பெயரை வாசித்தார். எழுந்து நடந்து வந்தார், என் மேசைக்கு.

தாளை என் முன் வைத்தார்.

"உன் தம்பி வரட்டும். ஸ்டோரில் வேலை இருக்கிறது. அவன் இந்த மெஷினைத் தொட மாட்டான். உன் விசாவைப் பெருநாள் முடிந்ததும் ரத்துச் செய்கிறேன். என்னால் வேறு ஒன்றும் செய்ய முடியாது. டிக்கெட் கம்பெனி தரும்."

பிறகு இரண்டு டெலெக்ஸ் அடிக்கச் சொன்னார். ஒன்று, கொழும்பு ஏஜென்டுக்கு, தம்பியின் விசா எண். மற்றது, தலைமை ஆபீசுக்கு, புது டெலெக்ஸ்காரன் வேண்டும் என்று. இரண்டும் முடியும்வரை என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போன பிறகுதான் ரெங்கராஜ் உள்ளே வந்தான். விஷயம் அதற்குள் ஸ்டோர்வரை போய்விட்டது.

"போகட்டும்ணே. தம்பி பொழச்சிக்கிட்டான்ல? நீங்க ஊருக்குப் போயி அக்காவோட நிம்மதியா இருங்க. இந்தக் கத்தல் இல்ல, கண்ணாடி ரூம் இல்ல."

"அங்கை தம்பிமாரை மட்டும் பிடிக்கிறேல்லை, ரெங்கராஜ்" என்றேன். "முப்பத்தைஞ்சு வயசு வரையும் லொறியிலை ஏத்துறாங்கள். எனக்கு முப்பத்தொண்டு."

அவன் கையிலிருந்த தட்டை மெதுவாக மேசையில் வைத்தான்.