ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சை

முழங்கை வரை தொட்டிக்குள் விட்ட கையை அவள் வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் ஒரு மீன் செத்துக் கிடந்தது. விரல் நீளம்கூட இருக்காது. இது இரண்டாவது. மிச்சமிருந்த பதினேழும் கலங்கிய தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

கூடத்தில் அவள் கணவரைக் கிடத்தியிருந்தார்கள். லிஃப்ட் மெக்கானிக். நேற்று மதியம் ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில், கருவிப் பையை இறக்கி வைத்துவிட்டு "கொஞ்சம் உக்காந்துக்கிறேன்" என்று சொன்னவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை. வெளியூரிலிருந்து அவருடைய அண்ணன் வந்து சேர வேண்டும் என்பதால் இன்று மாலை நான்கு மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு.

"அங்க அவன் கெடக்கறான், நீ இங்க மீனோட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கிறே. வர்றவங்க என்ன நெனப்பாங்க?" நாத்தனார் அறை வாசலில் நின்று கேட்டாள். அழுதழுது அவள் குரல் கம்மிப்போயிருந்தது.

"ரெண்டு செத்துப் போச்சுக்கா."

"மீன்தானே?"

மீன்தான். பத்தொன்பது வருஷமாக இவளும் அதையேதான் சொல்லிவந்தாள். இந்தத் தொட்டிக்கு இவள் வைத்திருந்த பெயர் சக்களத்தி. வேலைவிட்டு வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் மனுஷன் முதலில் போய் நிற்பது சக்களத்தியிடம். அதெல்லாம் வேறு. அவர் போன மறுநாளே அவர் வளர்த்தது ஒவ்வொன்றாகத் தன் கண்ணெதிரே போவதை அவளால் பார்க்க முடியாது. அவரைக் காப்பாற்ற யாரும் அவளைக் கூப்பிடவில்லை. இவை பக்கத்திலேயே இருக்கின்றன, இவற்றையும் விட்டுவிட்டால் அப்புறம் அவள் எதற்கு?

யாரும் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. நேற்று முதலில் வந்த எதிர்வீட்டு டீச்சர், "வாயில்லா ஜீவன், அதுக்கென்ன தெரியும்" என்று ஒரு பிடி தீனி போட்டார். அது தெரியாமல் நாத்தனார் போட்டாள். அதுவும் தெரியாமல் அவரோடு வேலை பார்த்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். துக்க வீட்டில் பசித்திருப்பது மீன் மட்டும்தான் என்று எல்லாருக்கும் தோன்றியிருக்கிறது. போதாக்குறைக்கு, ஆள் வருமே, வீடு சுத்தமாக இருக்கட்டும் என்று கிளம்பிய அவள் தம்பி, தொட்டியின் வடிகட்டியிலிருந்த பஞ்சு கன்னங்கரேலென்று இருப்பதைப் பார்த்துவிட்டு, சோப்புப் போட்டுத் துவைத்து வெள்ளைவெளேரென்று திரும்ப மாட்டிவிட்டான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவருடைய போனை எடுத்தாள். பூட்டுப் போடாத போன். மீன் வளர்ப்பவர்களின் குழு ஒன்றில் அவர் எந்நேரமும் இருப்பார் என்று அவளுக்குத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்ததில்லை. அங்கே அவர் பெயர் டாக்டர். மற்றவர்களும் கெளுத்தி, வாத்து, பாசி என்று அவரவருக்குத் தோன்றிய பெயரில் இருந்தார்கள். அவள் ஒரு விரலால் தட்டினாள்.

"மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறக்குது. தண்ணி கலங்கிப் போச்சு. ரெண்டு செத்துப் போச்சு. என்ன செய்யணும்?"

உடனே பதில் வந்தது. "வந்துட்டாருய்யா டாக்டர்! லேட்டா வந்தாலும் கேள்வி சுலபம்" என்றது கெளுத்தி.

அவளுக்குப் புரியவில்லை. விரலால் மேலே தள்ளிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் அவர் தன் வீட்டுத் தொட்டியில் ஏதோ கோளாறு என்பதுபோல் ஒன்றை எழுதி, என்ன செய்யணும் என்று கேட்டிருந்தார். மற்றவர்கள் முண்டியடித்துப் பதில் சொல்லியிருந்தார்கள். கடைசியில் அவர் மார்க் போட்டிருந்தார். "பாசிக்கு எட்டரை. அவசரப்பட்டதுக்கு அரை மார்க் கட். கெளுத்திக்கு ஆறு. மீன் பொழச்சிடும், கெளுத்திதான் சந்தேகம்." இன்றும் ஞாயிற்றுக்கிழமை.

குழம்பில் உப்பு இல்லையென்றால்கூட வாய் திறக்காத மனுஷன். இங்கே என்ன பேச்சு, என்ன கிண்டல்! அவளுக்குச் சுருக்கென்றது. இந்த மனுஷனோடு ஒரு நாளாவது குடித்தனம் பண்ணியிருக்கலாம்.

"மொதல்ல தீனிய நிறுத்துங்க டாக்டர்," என்று வாத்து எழுதியது. "யாரு அள்ளிக் கொட்டினது? வீட்டம்மாவா?"

"எல்லாரும் போட்டாங்க. பஞ்ச சோப்பு போட்டுத் தொவச்சாச்சு."

"சோப்பா! டாக்டர், கேள்வி கேக்கறதுக்கும் ஒரு நியாயம் வேணும். அந்த அளவுக்கு மண்டு எவனாவது இருப்பானா?" என்று இன்னொருவன் எழுதினான்.

தம்பி பக்கத்தில் வாளியோடு நின்றிருந்தான். எட்டிப் படித்துவிட்டு வாளியைக் கீழே வைத்தான்.

பதில்கள் வந்துகொண்டே இருந்தன. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை இறைக்க வேண்டும், அடியில் கிடக்கும் தீனியையும் சேர்த்து. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, தொட்டிக்கு அடியில் இருக்கும், குளோரினைப் போக்கும் மருந்தைக் கலந்துதான். சோப்புப் பஞ்சைத் தூக்கி எறிய வேண்டும். அக்காவும் தம்பியும் ஒவ்வொன்றாகச் செய்தார்கள். கடைசியாகப் பாசி எழுதியது: "இதெல்லாம் இன்னைக்குத் தாங்கும். ஆனா அந்த அழுக்குலதான் மீனக் காப்பாத்துற நல்ல கிருமி இருந்துச்சு. வேற வீட்டுத் தொட்டியிலேருந்து அழுக்குப் பஞ்சு கொண்டாந்து வச்சாத்தான் பொழைக்கும். எனக்குப் பத்து போடுங்க டாக்டர்."

அவள் ஈர விரலால் தட்டினாள். எழுத்துகள் மாறி மாறி விழுந்தன. அழித்து அழித்து எழுதினாள்.

"இது பரீட்ச இல்லீங்க. நான் அவரு வீட்டுக்காரி. அவரு நேத்து மதியம் தவறிட்டாரு. நீங்க சொன்ன மாதிரி தண்ணி மாத்திட்டேன். பஞ்சுக்கு எங்க போறது?"

பிறகு வாத்து "அண்ணி" என்று மட்டும் எழுதியது. மண்டு என்றவன் மன்னிப்புக் கேட்டான். கெளுத்தி எதையோ எழுதி அழித்தது. பாசி கேட்டது: "அட்ரஸ் அனுப்புங்க. வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும்."

மூன்றேகாலுக்கு வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. வந்தவனுக்கு நாற்பது வயதிருக்கும். கையில் மூடி போட்ட வாளி. தம்பி குறுக்கே போய், "குழாய் வேலையெல்லாம் இன்னைக்கு வேணாங்க, வீட்டுல துக்கம்" என்றான்.

"பாசிங்களா?" என்று கேட்டாள் அவள்.

அவன் தலையாட்டினான். நேரே தொட்டியிடம் போனான். வாளியிலிருந்து கரிய பஞ்சை எடுத்து வடிகட்டியில் பொருத்திவிட்டு, "மூணு நாளைக்கு யாரும் தீனி போடக் கூடாது அண்ணி" என்றான். இருவரும் நின்று பார்த்தார்கள். வெகுநேரம் கழித்து ஒரு மீன் தலையைத் திருப்பி அடிக்குப் போனது. பின்னாலேயே இன்னும் இரண்டு. அவளுக்கு நேற்றிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"நேரமாச்சு. அவரையும் மொகம் பாத்துக்கச் சொல்லு" என்று நாத்தனார் கூப்பிட்டாள்.

பாசி கூடத்துக்கு வந்தான். அவர் தலைமாட்டில் நின்று குனிந்து முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அழவும் இல்லை, கும்பிடவும் இல்லை. உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் அவள் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னான்.

"அண்ணி, தப்பா நெனக்காதீங்க. ஆறு வருஷமா தெனமும் பேசியிருக்கோம். ஆனா மொகம் பாத்ததில்ல. அவரு அனுப்புற போட்டோவுல எல்லாம் தண்ணிக்குள்ள கை மட்டும்தான் தெரியும்."

அவள் கீழே உட்கார்ந்தாள். போர்வையின் ஓரத்தை விலக்கி, அவருடைய வலது கையை வெளியே எடுத்து மார்பின் மேல் வைத்தாள். எப்போதோ லிஃப்ட் கதவில் நசுங்கிய கட்டைவிரல். அதில் கோணலாக முளைத்திருந்த நகம்.

"டாக்டர்" என்றான் பாசி. ஈரமாயிருந்த தன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அந்த விரலைத் தொட்டான்.