ஒன்பதாவது கட்டம்

ஒரே ஒரு பொத்தானை அழுத்தி நூற்றுத் தொண்ணூற்று நான்கு பேரின் தலையெழுத்தைக் கிளார்க் மாற்றிவிட்டார். இருபத்தொன்பது வருட சர்வீசில் அவர் செய்த பெரிய தவறு என்று அதுவரை சொல்லப்பட்டது, பிரசவ வார்டுக்குப் போக வேண்டிய ஃபைலை எலும்பு முறிவுப் பிரிவுக்கு அனுப்பியதுதான். அதைச் சொல்லிச் சொல்லி ஆஸ்பத்திரியே சிரித்தது. எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் பெரிய டாக்டர் அம்மா ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். கொரோனாவோடு அங்கே வந்தவர்களில் யார் பிழைத்தார்கள், யார் போய்ச் சேர்ந்தார்கள், போனவர்களிடம் பொதுவாக என்ன இருந்தது என்று. கேஸ் ஷீட்டுகளைப் பார்த்து விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை ரிக்கார்டு அறைக் கிளார்க்கின் தலையில் விழுந்தது. ஆளுக்கு ஒரு வரி. வரிக்குப் பன்னிரண்டு கட்டம். வயது, எடை, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகம் என்று போகும். எட்டாவது, வந்தபோது ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு இருந்தது. ஒன்பதாவது, காய்ச்சல் கண்டு எத்தனையாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பதினொன்றாவது, தொண்டையில் ட்யூப் போட்டார்களா. பன்னிரண்டாவது, முடிவு. அங்கே பிழைத்தால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம். படுக்கையில் இன்னும் இருப்பவர்களுக்கு அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருக்கும்.

வேலை தொடங்கிய முதல் நாளே கிளார்க் தன்னையும் ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்திப் பார்த்துவிட்டார். ஐம்பத்து நான்கு வயது, இருக்கிறது. சர்க்கரை, இருக்கிறது. கொதிப்பு, ஆடிட் வரும் மாதத்தில் மட்டும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வாங்காத மார்க்கையெல்லாம் இந்தப் பரீட்சையில் வாங்குகிறோமே என்று அவருக்கே பெருமையாக இருந்தது. சிரிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது போன வாரம் வரைதான். போன வாரம் அதே பரீட்சையில் அவரைவிட நிறைய மார்க் வாங்கும் ஒருவர் வந்து படுத்தார். நூற்று எண்பத்தெட்டாம் வரி. ஐம்பத்தொன்பது வயது, தொண்ணூற்று நான்கு கிலோ, பதினோரு வருடச் சர்க்கரை. கிளார்க்கின் மனைவியுடைய அண்ணன். அவருடைய மச்சான்.

அதனால்தான் அந்தப் பொத்தான். எட்டாம் நாளில் வந்தவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று பார்க்க நினைத்தார். நாள் கணக்கை ஏறுவரிசையில் அடுக்கினால் எட்டுகளெல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்குமே. அடுக்கினார். ஒன்பதாவது கட்டத்தை மட்டும் அடுக்கினார். மற்றப் பதினொன்றும் இருந்த இடத்திலேயே இருந்தன. எட்டுகள் ஒன்றாக வந்தன, ஆனால் வேறு யார் யாருடைய பெயருக்கு நேராகவோ. அதைக் கவனிக்காமல் எண்ணி, பிழைத்தவர்கள் நிறைய என்று சந்தோஷப்பட்டு, சேமித்து, நகலின் மேலும் சேமித்து, வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினார். ஆறு நாளில் அவர் தூங்கிய ஒரே தூக்கம் அது.

காலையில் பெரிய டாக்டர் அம்மா ரிக்கார்டு அறைக்கே வந்துவிட்டார்.

"என்ன கிளார்க் சார், முதல் இருபது பேரும் காய்ச்சல் அடிச்ச அன்னைக்கே ஓடி வந்திருக்காங்க. இவ்வளவு பொறுப்பான ஜனங்களா நாம?"

"ஆரம்பத்துல பயம் இருந்துச்சு மேடம். போகப் போகத்தான் தைரியம் வந்துச்சு."

"சார்."

அந்த ஒரு 'சார்' என்பதில் எல்லாம் இருந்தது. கிளார்க் எழுந்து நின்றார். சரி செய்ய ஒரே வழிதான். அட்மிஷன் ஃபாரங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் நாள் கணக்கைப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும்.

"இன்னைக்கே முடிச்சிடுங்க," என்றார் டாக்டர். கதவு வரை போனவர் திரும்பினார். "ஆறாம் பெட் உங்க சொந்தக்காரர்தானே? ஆக்ஸிஜன் கூட்டிக்கிட்டே போறோம். பத்தல. சாயங்காலத்துக்குள்ள ட்யூப் போட வேண்டி வரலாம். ஏதாவது சொல்லணும்னா அதுக்குள்ள சொல்லிடுங்க. போட்டுட்டா மயக்கத்துலதான் இருப்பாரு."

"பொழைச்சுக்குவாரா மேடம்?"

"பாக்கலாம்."

ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்லும் வார்த்தை அது. ரிக்கார்டு கேட்டு வருகிறவர்களிடம் கிளார்க்கே ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வார். அதன் எடை எவ்வளவு என்று அன்றுதான் தூக்கிப் பார்த்தார்.

ஃபாரங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். முதல் தடவை ஏற்றியபோது எண்ணை மட்டும்தான் பார்த்தார். இப்போது கண் மற்ற இடங்களுக்கும் போனது. தகவல் சொன்னவர்: மகள். தகவல் சொன்னவர்: பக்கத்து வீட்டுக்காரர். தகவல் சொன்னவர்: தானே. தானே சொன்னவருக்கு நாள் கணக்கு ஏழு, முடிவு பூஜ்யம். இன்னொன்றில் 'நான்கு' என்று எழுதியதை அடித்து 'ஒன்பது' என்று போடும்படி ஒரு மனைவி சொல்லியிருக்கிறாள். அந்த அடித்தலுக்கும் திருத்தலுக்கும் நடுவில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஒன்பதைத் தட்டினார். பதினொன்றாம் கட்டத்தையும் பன்னிரண்டாம் கட்டத்தையும் சேர்த்துப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தார். கண் கேட்கவில்லை. ட்யூப் போட்டவர்களில் எத்தனை ஒன்று, எத்தனை பூஜ்யம் என்று விரல் மேசையில் தானாகக் கணக்குப் போட்டது. விரலைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் தட்டினார்.

பதினொரு மணிக்கு வீட்டிலிருந்து போன்.

"அண்ணன் எப்படி இருக்காரு?"

"உங்க அண்ணனுக்கென்ன. லிஃப்ட் நிக்கும்போது ஒரு குலுக்கு குலுக்குதுன்னு புகார் எழுதிட்டு இருக்காராம்."

"நேரா ஒரு பதில் சொல்லவே மாட்டீங்களா நீங்க?"

புகார் பொய்யில்லை. மச்சான் லிஃப்ட் மெக்கானிக். ஆறு நாள் முன்னால் ஸ்ட்ரெச்சரில் நான்காம் மாடிக்குக் கொண்டுபோகும்போது, மூச்சு வாங்க, ஒரு விரலைத் தூக்கி லிஃப்டின் மேல்பக்கத்தைக் காட்டினார். அன்று முதல் அந்த லிஃப்ட் குலுங்கும்போதெல்லாம் கிளார்க்குக்கு அந்த விரல்தான் ஞாபகம். அவர் பெண் கேட்டுப் போன காலத்திலிருந்தே மச்சான் அப்படித்தான். உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டதற்கு, "ஆறு பேர் ஏற வேண்டிய லிஃப்ட், எங்க வீட்டுல அஞ்சு பேர்தான் இருக்கோம். ஏறிக்குங்க மாப்ளே," என்றார். அதுதான் சம்மதம். இருபத்தேழு வருடமாக இருவரும் ஒருவருக்கொருவர் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. மச்சானின் மனைவி இறந்த அன்றுகூட, "இனிமே உப்பு போதலன்னா நானே என்னைத் திட்டிக்கணும்," என்றுதான் சொன்னார். கிளார்க் அவர் தோளில் கைபோட்டு, "நான் வந்து திட்டறேன் மச்சான்," என்றார். அதற்குப் பிறகு தனிக்கட்டை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிளார்க் போய்த் திட்டிவிட்டு வருவார்.

மதியம் இரண்டரைக்கு மச்சானின் ஃபாரம் கைக்கு வந்தது. நர்ஸின் உருண்டைக் கையெழுத்து. காய்ச்சல் கண்டு: மூன்று நாள். தகவல் சொன்னவர்: தங்கையின் கணவர்.

மூன்றில்லை, எட்டு. இரண்டாம் நாளே மச்சான் போன் செய்தார். "மாப்ளே, ஒரே இருமலா இருக்கு. உங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை வந்துட்டுப் போகட்டுமா?" கிளார்க்குக்கு அப்போது கையில் டீ இருந்தது, எதிரில் சிரிக்க இரண்டு பேர் இருந்தார்கள். "எதுக்கு மச்சான், இங்க வந்தா இல்லாத வியாதியையும் சேர்த்துக் குடுத்தனுப்புவாங்க. வெந்நீர் குடிச்சிட்டுப் படுங்க. அந்த வைரஸ் உங்க வயித்தைச் சுத்தி வரவே ஒரு வாரம் ஆகும்." மச்சானும் சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறிப் போன் கட்டானது. ஐந்தாம் நாள் மறுபடி கூப்பிட்டார். "என்ன மச்சான், சுத்தி முடிச்சுட்டானா?" என்றார் கிளார்க். மச்சான் ஆஸ்பத்திரி என்ற பேச்சையே எடுக்கவில்லை. எட்டாம் நாள் வீடியோ காலில் மனைவிதான் அண்ணனின் உதடு நீலமாக இருப்பதைப் பார்த்துக் கத்தினாள்.

அட்மிஷன் மேசையில் நர்ஸ் கேட்டபோது எட்டு என்று சொல்ல வாய் வரவில்லை. எட்டு என்றால் அடுத்த கேள்வி, ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்துக்கொண்டு ஏன் இவ்வளவு நாள் விட்டீர்கள் என்று வரும். மூன்று என்றார். சக்கர நாற்காலியில், முகத்தில் மாஸ்க்கோடு இருந்த மச்சான் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். திருத்திச் சொல்ல மூச்சில்லை என்று கிளார்க் தனக்குச் சொல்லிக்கொண்டார்.

இப்போது அந்தக் கட்டத்தைத் தாண்டி, மீதி ஆறு பேரையும் ஏற்றி முடித்தார். நூற்று எண்பத்தெட்டாம் வரியில் மட்டும் ஒன்பதாவது கட்டம் காலி. மூன்று போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மச்சானின் ஃபாரத்தைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு படியேறி நான்காம் மாடிக்குப் போனார். லிஃப்டில் போகத் தைரியம் இல்லை. வராந்தாவில் பெரிய டாக்டர் வேகமாக வந்துகொண்டிருந்தார்.

"மேடம், ஒரு சந்தேகம். ஒருத்தர் கணக்குல அஞ்சு நாள் தப்பா இருந்தா ஆய்வு மாறிடுமா?"

"ஒருத்தரால ஒண்ணும் மாறாது."

"அந்த ஒருத்தருக்கு?"

டாக்டர் நின்று அவர் முகத்தைப் பார்த்தார். உள்ளே ஒரு மெஷின் விட்டுவிட்டுக் கூவியது. "அரை மணி நேரத்துல ட்யூப் போடறோம்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவில் ஒரு கைக்குட்டை அகலத்துக்குக் கண்ணாடி உண்டு. அதன் வழியாகப் பார்த்தால் ஆறாம் பெட்டின் கால்மாடு தெரியும். போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள். இடது கட்டைவிரல் நகம் கறுத்திருக்கும். லிஃப்டின் எடைக்கல் விழுந்த நகம். கிளார்க் கண்ணாடியைத் தட்டினார். தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பில் இருந்த சிஸ்டர் திரும்பினார். உடுப்புக்குள் யார் என்று அடையாளம் தெரியாததால், முதுகில் மார்க்கர் பேனாவால் 'சின்ன சிஸ்டர்' என்று எழுதியிருந்தது.

உள்ளே குரல் கேட்காது. சட்டைப்பையிலிருந்த ஃபாரத்தின் பின்பக்கத்தில் எழுதினார்: 'மச்சான், லிஃப்ட் சரி பண்ண ஆள் கிடைக்கல. சீக்கிரம் வாங்க.' கண்ணாடியில் வைக்கப்போன கை நின்றது. சின்ன சிஸ்டர் காத்திருந்தார். கிளார்க் அதை அடித்தார். அடியில் எழுதினார்: 'ஆய்வுக்காகக் கேட்கிறேன், முதல் காய்ச்சல் என்றைக்கு?' அதையும் அடித்தார். தாளில் இடம் குறைந்துகொண்டே வந்தது. மீதி மூலையில், இருபத்தேழு வருடத்தில் எழுதாத எழுத்தாக, சிறிதாக எழுதினார்: 'என்னாலதானே மச்சான்? என் மேல வருத்தமா?'

கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தார். சின்ன சிஸ்டர் அடித்திருந்ததையும் அடிக்காததையும் சேர்த்துப் படித்தார். முகமூடிக்கு மேலிருந்த கண்கள் அவரை ஒருமுறை பார்த்தன. பிறகு படுக்கைப் பக்கம் போய்த் தலைமாட்டில் குனிந்தார். பெட்டின் கம்பியில் ஓர் அட்டையும் அதில் நூலால் கட்டிய பேனாவும் தொங்கும், பேச முடியாதவர்களுக்கு. சிஸ்டரின் முதுகு மறைத்தது. கிளார்க் தாளை இறக்கிவிட்டுப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நீண்ட நேரம் அவை அசையவில்லை. பெரிய டாக்டர் தட்டு ஒன்றோடு வந்து அந்தப் பக்கம் நின்றார், கையால் 'ஒரு நிமிஷம்' என்பதுபோல் யாருக்கோ காட்டினார். இடது கட்டைவிரல் மெதுவாக மடங்கி நிமிர்ந்தது. கஷ்டமான கணக்குப் போடும்போது மச்சான் அப்படிச் செய்வார் என்று கிளார்க்குக்குத் தெரியும். என்ன வேடிக்கை எழுதுகிறாரோ. எதை எழுதினாலும் சிரித்துவிட வேண்டும் என்று முகத்தைத் தயார் செய்துகொண்டார்.

சின்ன சிஸ்டர் அட்டையைக் கொண்டுவந்து கண்ணாடியில் வைத்தார். நூலில் தொங்கியபடி பேனாவும் கூடவே வந்திருந்தது.

எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கீழ்ப்பக்கமாகச் சரிந்திருந்தன. முதல் வரியில் ஒரே ஒரு சொல்: 'ஆமா.' அடியில், இன்னும் நடுங்கிய எழுத்தில்: 'எட்டுன்னு போடுங்க மாப்ளே.'

கிளார்க் படித்துவிட்டாரா என்று சிஸ்டருக்குத் தெரியவில்லை. பின்னால் டாக்டர் கூப்பிட்டும் அட்டையை எடுக்காமல் கண்ணாடியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார். அட்டையின் ஓரத்திலிருந்து தொங்கிய பேனா, நூலின் நுனியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடிக்கொண்டிருந்தது.